தும்பை மறைத்த வலது கண்

தும்பை என்ற வெள்ளை முயலும் துருவி என்ற அணிலும் ஒரு குளத்தங்கரைத் தோட்டத்தில் வாழ்ந்தன. முயலுக்கு வீடு, கம்பி வலை போட்ட கூண்டு. அணிலுக்கு வீடு, கூண்டின்மேல் கிளை நீட்டிய கொய்யா மரம். தோட்டம் பர்வீன் என்ற தையல்காரியுடையது. முயலை வாங்கி வந்து, பேர் வைத்து, தினமும் காலையில் புல் போடுகிறவளும் அவள்தான்.

துருவியால் எதையும் கேட்காமல் இருக்க முடியாது. எறும்புகள் வரிசையாகப் போனால், "எங்க போறீங்க?" என்று கேட்கும். அவை திரும்பி வந்தால், "போன காரியம் என்னாச்சு?" என்று கேட்கும். இதனால் தோட்டத்தில் அதற்கு அவ்வளவு நல்ல பேர் கிடையாது.

ஒரு நாள் காலை துருவி கிளையிலிருந்து எட்டிப் பார்த்தது. கூண்டின் ஒரு பக்கம் செங்கல் சுவர். தும்பை வலது கன்னத்தைச் சுவரோடு ஒட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மறுநாளும் அப்படியே. போட்ட புல்லில் பாதி மிச்சம் கிடந்தது.

"தும்பை! ஏன் சுவரைக் கட்டிக்கிட்டே உக்காந்திருக்கே?"

"சும்மாதான்!"

துருவிக்கு இந்தச் 'சும்மா' பிடிக்கவே பிடிக்காது. சும்மா யாராவது இரண்டு நாள் சுவரைக் கட்டிக்கொண்டு இருப்பார்களா? அது ஒரு கொய்யாப் பூவைக் கிள்ளி முயலின் இடப்பக்கம் போட்டது. தும்பை துள்ளியது. இன்னொரு பூவைக் கிள்ளி வலப்பக்கம் போட்டது. பூ மூக்குக்கு அருகே விழுந்தது. தும்பையின் காதுகூட அசையவில்லை.

துருவி விறுவிறுவென்று இறங்கி வலை ஓரம் வந்து நின்றது.

"உன் வலது முன்னங்கால் முடி மட்டும் ஏன் நனைஞ்சு ஒட்டிக் கிடக்கு? மழையா பெஞ்சுது?"

"முகம் கழுவினேன்."

"முகம் கழுவினா ரெண்டு காலும்தானே நனையும்?"

தும்பை சுவரிலிருந்து கன்னத்தை எடுத்தது. மெல்லத் திரும்பிக் காட்டியது. வலது கண் பாதி மூடி, சிவந்து, நீர் வடிந்துகொண்டிருந்தது.

"மூணு நாளாச்சு. வைக்கோலுக்குள்ள மூக்கை விட்டுக் கிளறினேன். ஒரு வைக்கோல் தாள் கண்ணுல குத்திருச்சு. முதல்ல உறுத்துச்சு. இப்ப அந்தப் பக்கம் பூராவும் பனி விழுந்த மாதிரி தெரியுது" என்றது தும்பை.

"பர்வீன் அக்காகிட்ட காட்ட வேண்டியதுதானே?"

"ஐயையோ! எங்க குலத்துல நோவை வெளிய காட்ட மாட்டோம். காட்டினா நரி வந்துரும்! அம்மா சொல்லியிருக்கா!"

"நரி எப்படி இருக்கும்?"

"தெரியாது."

"உங்கம்மா பாத்திருக்காளா?"

"அவ பண்ணைக் கூண்டுல பொறந்தவ."

"அவளோட அம்மா?"

"அவளுக்குப் பக்கத்துக் கூண்டு!"

சொல்லிவிட்டுத் தும்பை நடுங்கியது. பார்த்த நரி என்றால் எங்கே நிற்கிறது என்றாவது தெரியும். பார்க்காத நரி எல்லா இடத்திலும் நிற்கும் அல்லவா?

பேச்சுச் சத்தம் கேட்டு, வேலி ஓரம் மேய்ந்துகொண்டிருந்த வெள்ளாடு வந்தது.

"எந்தப் புண்ணானாலும் நக்கினா ஆறிரும்! முகத்தை வலைகிட்ட கொண்டா!" என்று நாக்கை நீட்டியது. நாக்கில் கருவேல முள் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"நக்கினா தாள் இன்னும் உள்ள போயிராதா?" என்று கேட்டது துருவி.

"அட, அதை நான் யோசிக்கலையே!" என்று சொல்லிவிட்டு ஆடு மேயப் போனது.

அடுத்து காகம் வந்து வலைமேல் உட்கார்ந்தது.

"ஒரே இழுப்பு! அலகால தாளைப் பிடிச்சு வெளிய போட்டுர்றேன். கண்ணைப் பத்தி என்னைவிட யாருக்குத் தெரியும்?"

வலி பொறுக்காத தும்பை முகத்தை நிமிர்த்தி வலையிடம் நீட்டிவிட்டது. காகம் தலையைச் சாய்த்து அலகைத் திறந்தது. துருவி குறுக்கே பாய்ந்தது.

"நில்லு! கண்ணைப் பத்தி உனக்கு எப்படித் தெரியும்?"

"எத்தனையோ கண்ணைப் பாத்திருக்கேனே!"

"பாத்தியா, தின்னியா?"

காகம் தொண்டையைச் செருமியது. குளத்துப் பக்கம் ஒரு வேலை இருப்பதாகச் சொல்லிப் பறந்துவிட்டது.

தும்பைக்கு அழுகையே வந்தது. "அப்ப என் கண்ணு அவ்வளவுதானா?"

துருவி வாலை ஆட்டி யோசித்தது. "நரி வருதா இல்லையான்னு பாத்துரலாம்! நாளைக்கு அக்கா புல் போட வரும்போது நீ கண்ணைக் காட்டு. நான் மர உச்சியில உக்காந்து நாலு பக்கமும் பாக்கறேன். நரி வந்தா கத்தறேன். நீ உடனே திரும்பிக்கோ!"

தும்பை வலை வழியாக மர உச்சியை ஒருமுறை அளந்து பார்த்தது. பிறகு, "சரி. ஆனா நல்லாப் பாக்கணும்!" என்றது.

மறுநாள் பர்வீன் புல்லோடு வந்தாள். கூண்டுக் கதவு திறந்ததும் பழக்க தோஷம், தும்பை சட்டென்று இடக் கன்னத்தைக் காட்டியது.

உச்சியிலிருந்து துருவி கத்தியது. "குளத்துப் பக்கம் நரி இல்லை! வேலிப் பக்கம் நரி இல்லை! மதில்மேல பூனைகூட இல்லை! திரும்பு, தும்பை, திரும்பு!"

தும்பை நடுநடுங்கித் திரும்பியது.

"யா அல்லா! என் செல்லமே, கண்ணுக்கு என்னாச்சு?" பர்வீன் கையிலிருந்த புல் கீழே விழுந்தது. வீட்டுக்குள் ஓடித் தன் கண்ணுக்குப் போடும் சொட்டு மருந்தை எடுத்து வந்தாள். மூடியைத் திறந்தவள் அப்படியே நின்றாள். "இது எனக்கு எழுதிக் குடுத்ததுல்ல? முயலுக்கு ஆகுமோ, ஆகாதோ! டாக்டர்கிட்டயே போயிருவோம்" என்று மூடியைத் திருகினாள். தும்பையை ஒரு துணியில் சுற்றிக் கூடையில் வைத்து, ஆட்டோ பிடித்துக் கால்நடை மருத்துவமனைக்குப் போனாள்.

அன்று பகல் முழுக்கத் துருவி யாரையும் எதுவும் கேட்கவில்லை. எறும்புகளே ஆச்சரியப்பட்டு அண்ணாந்து பார்த்தன.

சாயங்காலம் கூடை திரும்பி வந்தது. துருவிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"என்ன செஞ்சாங்க? வலிச்சுதா? தாள் எங்க இருந்துச்சு?"

"இமைக்குள்ள ஒளிஞ்சிருந்துச்சு! மரத்துப்போக மருந்து விட்டு, சின்ன இடுக்கியால எடுத்தாங்க. அப்புறம் கண்ணுல ஒரு சாயம் விட்டாங்க. கீறல் இருக்கற இடம் மட்டும் பச்சையாத் தெரிஞ்சுதாம்."

"பச்சையாவா! அப்புறம்?"

"இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கண்ணே போயிருக்கும்னு டாக்டர் அக்காகிட்ட சொன்னாங்க." தும்பை வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தது. "நரி வந்துச்சா, துருவி?"

"எறும்புதான் வந்துச்சு!"

தினமும் நான்கு வேளை பர்வீன் மருந்து விட்டாள். தும்பை புல்லை மிச்சம் வைக்காமல் தின்றது. பனி கொஞ்சம் கொஞ்சமாக விலகியது.

ஏழாம் நாள் பர்வீன் கூண்டைத் திறந்துவிட, தும்பை முற்றத்தில் உலாவிக்கொண்டிருந்தபோது, மதில்மேல் ஒரு சாம்பல் பூனை வந்து உட்கார்ந்தது.

"என்ன தும்பை, ஒரு கண்ணு தெரியலையாமே? பாவம்!" என்றது தேன் ஒழுக.

தும்பை சட்டென்று இடக் கன்னத்தைக் காட்டி நிமிர்ந்து உட்கார்ந்தது. பின்னங்காலால் தரையில் ஓங்கித் தட்டியது.

"யார் சொன்னா? உன் மீசையில எத்தனை முடின்னு எண்ணிச் சொல்லட்டுமா?"

பூனை மீசையைத் துடைத்துக்கொண்டது. விழித்திருக்கும் முயலைத் துரத்தினால் மூச்சுதான் வாங்கும் என்று நினைத்து, அந்தப் பக்கமாக இறங்கிப் போனது.

துருவி தடதடவென்று இறங்கி வந்தது. "நீ குலச் சட்டத்தை விட்டுட்டேன்னு நெனச்சேனே! இப்ப ஏன் மறைச்சே?"

"பூனை வந்து மருந்து போடுமா?" என்று கேட்டது தும்பை.

அன்றுதான் முதன்முறையாகத் துருவிக்கு அடுத்த கேள்வி தோன்றவில்லை. அதற்குள் பர்வீன் சொட்டு மருந்தோடு வந்தாள். அவள் கூப்பிடும் முன்பே தும்பை ஓடிப்போய் வலது கன்னத்தைத் திருப்பிக் காட்டியது.

புண்ணைப் பகைவரிடம் மறைப்பது புத்தி. மருந்து போடும் கையிடமும் மறைத்தால், நமக்கு நாமே பகை.