சைபர் மதிப்பெண்

ரத்த வாந்தியோடு வருகிறவர்களில் யாருக்கு மறுபடியும் கொட்டும், யாருக்குத் தானாக நின்றுவிடும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இளம் மருத்துவன் அருள்மணிக்கு வேறு ஆசையே இல்லை. டாக்டர் ஜமீலாவிடம் மேற்படிப்புக்குச் சேர்ந்ததே அதற்காகத்தான்.

"எனக்கு அது எப்போ மேடம் பிடிபடும்?" என்று ஒரு காலையில் கேட்டுவிட்டான்.

"இன்னிக்கு யாரை வீட்டுக்கு அனுப்பப் போறே?" என்றார் ஜமீலா.

"செல்லத்துரையை. பெயின்டர். முட்டிவலி மாத்திரை வயித்தைப் புண்ணாக்கி, நேத்து ஒரு தடவை ரத்த வாந்தி. நாடி, பிரஷர், ரத்தப் பரிசோதனை எல்லாம் சரி. மலமும் கறுப்பா போகலை. மதிப்பெண் சைபர் மேடம்."

மலம் கறுத்தால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தம்; இவை எல்லாவற்றையும் கூட்டிப் போடும் மதிப்பெண் சைபர் வந்தால் ஆபத்து குறைவு. அனுப்பிவிடலாம்.

"கறுப்பா போகலைன்னு யார் சொன்னா?"

"அவர்தான்."

"நீ எப்படிக் கேட்டே?"

அருள்மணி ஒன்றையும் மறைக்கவில்லை. "எப்போ விடுவீங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தார். பாவமா இருந்தது. 'எல்லாம் நல்லாருக்கு அண்ணாச்சி, கறுப்பா மட்டும் போகலைன்னா இன்னிக்கே கிளம்பலாம். போச்சா?'ன்னு கேட்டேன். இல்லைன்னார். கையுறை போட்டு விரல் விட்டுப் பார்க்கணும்னேன், கூச்சப்பட்டார். விட்டுட்டேன்."

ஜமீலா எழுந்து வார்டுக்கு நடந்தார். அவன் பின்னாலேயே போனான்.

செல்லத்துரை சட்டை மாற்றி, மடியில் பையோடு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

"வீட்டுல யாரு அண்ணாச்சி வரப் போறா?"

"மக வாரா டாக்டரம்மா. மஸ்கட்லேர்ந்து. நாளைக்குக் காலையில. பேத்திய போன்லதான் பாத்திருக்கேன். கையில வாங்குனதில்ல." சொல்லும்போதே கைகள் இரண்டும் தாமாக முன்னால் நீண்டன. நக இடுக்கில் இன்னும் வெள்ளை பெயின்ட்.

"பேத்திய இங்க கொண்டுவரச் சொல்லுங்க."

"குழந்தைய உள்ள விடமாட்டாங்களே?"

"வார்டுக்குள்ள வேண்டாம். என் அறையில வெச்சுக் கொஞ்சுங்க. வாசல்ல நான் சொல்லிவெக்கிறேன்."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

அவர் மடியிலிருந்த பையைக் கீழே வைத்தார். அருள்மணியை ஒருமுறை பார்த்தார்.

"அப்பன்னா ஒண்ணு சொல்லிப்புடுதேன். விடியக்காலம் தார் மாதிரி போச்சு. இந்தத் தம்பிகிட்ட மறைச்சிட்டேன். கோவிச்சுக்காத, தம்பி."

சாப்பாட்டை நிறுத்தி, குழாய் விட்டுப் பார்க்க ஏற்பாடு செய்துகொண்டிருக்கும்போதே, அன்று மதியம் அவருக்குக் குமட்டியது. படுக்கை முழுக்கச் சிவப்பு. உடனே எண்டோஸ்கோபி அறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டு, புண்ணில் பீறிட்டுக்கொண்டிருந்த ரத்தக் குழாயைக் கிளிப் போட்டு அடைத்தார் ஜமீலா. அருள்மணி பக்கத்தில் நின்று திரையைப் பார்த்தான். அவர் வீட்டில் இருந்திருந்தால் என்று நினைத்தான். அதற்கு மேல் நினைக்க முடியவில்லை.

மறுநாள் ஜமீலாவின் அறையில், சக்கர நாற்காலியில் இருந்த செல்லத்துரையின் மடியில் பேத்தியை இறக்கினாள் மகள். குழந்தை தாத்தாவின் மூக்கைப் பிடித்து இழுத்தது. "என்ன பிடி பிடிக்கா! பெயின்டர் பேத்தில்லா!" என்றார் அவர்.

கதவுக்கு வெளியே நின்றிருந்த அருள்மணி மெதுவாகக் கேட்டான்.

"கணக்குல எங்க மேடம் தப்புப் பண்ணினேன்?"

"கணக்கு சரிதான். அவருக்கு வீட்டுக்குப் போக ஆசை. உனக்கு அவரை அனுப்பிவைக்க ஆசை. அது ரெண்டுக்கும் நீ மதிப்பெண் போடலை."