ஈசல்கள் கட்டிய மன்றம்

அந்தக் காலத்தில், விலங்குக்கும் பறவைக்கும் பூச்சிக்கும் பேச்சு ஒன்றாக இருந்தபோது, ஏழுமலை நாட்டுக்கு ராஜா என்று யாரும் கிடையாது. ஒரு மன்றம்தான் நாட்டை ஆண்டது. ஒவ்வொரு குலமும் தன் சார்பில் ஓர் ஆளை அனுப்பும். அவர்கள் கூடிப் பேசி, எல்லோரும் ஒப்புக்கொண்டு ஒன்றை முடிவு செய்துவிட்டால் அதை மண்ணும் கேட்கும், மழையும் கேட்கும். மூங்கில் எத்தனை வருடத்துக்கு ஒரு தடவை பூக்க வேண்டும், மானுக்குக் கொம்பு எந்த மாதம் விழ வேண்டும் என்பதெல்லாம் அங்கே பேசி முடிவானதுதான்.

அந்த மன்றத்துக்கு முதலில் வீடு இல்லை. ஆற்றோரம் ஒரு மொட்டைப் பாறையில் கூடினார்கள். வெயில் ஏறினால் பாதிப் பேர் நிழல் தேடிப் போய்விடுவார்கள். ஒரு நாள் முயல் பேசிக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. முயல் பேச்சை முடித்து நிமிர்ந்து பார்த்தால், எதிரே ஓர் ஆமை மட்டும் உட்கார்ந்திருந்தது. அதன் பிறகுதான் மன்றத்துக்குக் கூரை வேண்டும் என்று தீர்மானம் போட்டு, வேலையை ஈசல்களிடம் ஒப்படைத்தார்கள்.

ஈசல்களுக்கு அப்போது வாழ்நாள் முழுக்க இறக்கை உண்டு. ஏழு மலையிலிருந்தும் செம்மண்ணை வாயில் கவ்விப் பறந்து வந்து, எச்சிலில் குழைத்து வைப்பார்கள். காய்ந்துவிட்டால் யானை உரசினாலும் உதிராது. அவர்களுக்குத் தலைமைக் கொத்தராக இருந்தவள் செம்பி. சுவரில் விரிசல் விழப்போகிறது என்றால் விழுவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். சாப்பாடு மறந்துபோகும், வேலை மறக்காது. அவள் கணவன் மருதனும் நல்ல வேலைக்காரன்தான். ஆனால் செம்பி வைத்த மண்ணை அவன் தொட்டுத் திருத்தியதே இல்லை.

முதலில் நாலுகால் குலங்களுக்கு ஒரு வட்டக் கூடம் எழுந்தது. பறவைகள் தங்களுக்குக் கம்பு வேண்டும் என்று கேட்டன. கிழக்கே ஒரு மாடம் கட்டினாள். ஆற்று ஜனங்கள் உடம்பு காய்கிறது என்றார்கள். மேற்கே ஈரம் தங்கும் ஒரு தாழ்வாரம் இறக்கினாள். கிழக்கு மாடம் இறக்கை உள்ளவர்களுக்கு என்று விதி இருந்ததால், ஈசல் குலத்தின் சார்பில் செம்பிக்கும் அங்கே ஓர் இடம் கிடைத்தது. அந்த இடம் கிடைத்த அன்று அவள் வீட்டில் யாரும் தூங்கவில்லை.

அதோடு கட்டிடம் நின்றுவிட்டது. கிழக்கே பள்ளத்தாக்கு, மேற்கே ஆறு. மேலே ஒரு தளம் எழுப்பிப் பார்த்தாள். காற்றில் ஆடி, கோடையில் வெடித்து, ஒரு நாள் காலையில் பொலபொலவென்று விழுந்துவிட்டது. நல்லவேளையாக உள்ளே யாரும் இல்லை.

அந்த வருடம் மன்றம் ஒரு முடிவு எடுத்தது. வெள்ளம் வந்தால் கரையோர மரங்கள் சாய்கின்றன, ஆகவே தண்ணீர் தாழ்ந்த நிலத்தின் பக்கம் திரும்பட்டும் என்று. எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஆறும் கேட்டுக்கொண்டது. அந்த ஐப்பசியில் வெள்ளம் திரும்பியது.

வெள்ளம் வடிந்த எட்டாம் நாள், மன்றத்து வாசலில் ஒரு வெள்ளெலி வந்து நின்றாள். வீராயி என்று பெயர். வயிற்று ரோமத்தில் சேறு காய்ந்து கெட்டிப்பட்டிருந்தது.

"எங்க வளைக்குள்ள தண்ணி வந்துருச்சுங்க," என்றாள். "புள்ளைங்க கண்ணு கூடத் தெறக்கலை. ஒண்ணைத்தான் வாயில கவ்வ முடிஞ்சுது. மத்ததெல்லாம் போயிருச்சு."

வீராயி வாசலிலிருந்து ஓரடி உள்ளே வந்தாள்.

"தண்ணியைத் திருப்புறதுக்கு முன்னால எங்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தா, வேண்டாம்னு சொல்லியிருப்போம். மண்ணுக்குக் கீழ எங்க ஜனம் எவ்வளவு இருக்கு தெரியுமா? எலி, தேள், புழு, பாம்பு, மண்ணுக்குள்ள தூங்குற தவளை. எங்களுக்கும் இங்க இடம் குடுங்க."

மன்றத்துக்குத் தலைவர் நெடுவாயர். நாட்டிலேயே மூத்த இருவாச்சிப் பறவை. நியாயம் தெரிந்தவர்தான். ஆனால் பிரச்சினை என்றாலே அவருக்குக் கழுத்து உள்ளே போய்விடும். பக்கத்தில் பருந்து வேறு முறைத்துக்கொண்டிருந்தது. அதன் பெயர் வல்லூறன்.

"நீ சொல்வது சரிதான் அம்மா," என்றார் நெடுவாயர். "ஆனால் இடம் வேண்டுமே. கட்டியவளே சொல்லட்டும். செம்பி, இனி ஒரு குலம் உட்கார இங்கே இடம் இருக்கிறதா?"

செம்பி எழுந்தாள். பொய் சொல்ல அவளுக்கு வராது. "இல்லைங்க," என்றாள்.

"கேட்டாயா? இடம் இல்லை," என்றது வல்லூறன், வீராயியைப் பார்த்து. கதவு சாத்தப்பட்டது.

செம்பிக்கு அதன் பிறகு யார் என்ன பேசினார்கள் என்பதே காதில் விழவில்லை. தான் சொன்னது உண்மைதான். அந்த உண்மையை வைத்துத்தான் ஒரு தாயை வெளியே தள்ளினார்கள். கூட்டம் முடிவதற்குள் எழுந்து பறந்து போனாள்.

வீராயி அதிக தூரம் போயிருக்கவில்லை. ஒரு வேருக்கடியில் மிஞ்சிய குட்டியை அணைத்துக்கொண்டு கிடந்தாள். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று செம்பிக்குத் தெரியவில்லை. தெரிந்ததைக் கேட்டாள்.

"உங்க வளை எப்படி இருக்கும்?"

"எங்க வளையா?" வீராயிக்குக் கோபம் வந்தது. "என்னத்துக்கு?"

"கட்டுறவ கேக்குறேன். சொல்லு."

வீராயி சொன்னாள். வாசலிலிருந்து சரிந்து இறங்கும் வழி, தானியத்துக்கு ஓர் அறை, பிள்ளைகளுக்கு ஓர் அறை, அதற்கும் கீழே இன்னொன்று. செம்பி அசையாமல் கேட்டாள். பக்கவாட்டிலும் மேலேயும் இடம் தேடித் தேடி அலுத்துப்போனவளுக்குக் கீழே என்று ஒரு பக்கம் இருப்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் மன்றத்தில் கேட்டாள். மன்றத்துக்கு அடியில் ஒரு கூடம் கட்டித் தருகிறேன், கட்டி முடித்தால் மண்ணுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதில் இடம் கொடுப்பீர்களா என்று. வல்லூறன் சிரித்தது. நெடுவாயர் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "கட்ட முடிந்தால் கட்டு," என்றார்.

எலிகள் தோண்டின. ஆனால் வெறுமனே தோண்டிய குகை மேலே இருக்கும் பாரத்தைத் தாங்காது. தோண்டத் தோண்ட ஈசல்கள் பின்னாலேயே பூசிக்கொண்டு வர வேண்டும். அங்கேதான் வினை வந்தது. குறுகலான வழியில் நீண்ட இறக்கைகள் சுவரில் உரசின. ஈரப் பூச்சில் ஒட்டிக்கொண்டன. பிய்த்து எடுத்தால் பூச்சும் சேர்ந்து வந்தது. மூன்றாம் நாள் ஒரு பக்கச் சுவர் அப்படியே சரிந்து இரண்டு எலிகளை மூடிவிட்டது. இழுத்து வெளியே போட்டபோது உயிர் இருந்தது. அவ்வளவுதான் ஆறுதல்.

"போதும் செம்பி," என்றாள் வீராயி. "நீ பாடுபட்டே. எங்களுக்கு அதுவே போதும்."

செம்பி மேலே ஏறினாள். குழியின் வாசலுக்கு வந்து, மருதனைக் கூப்பிட்டாள்.

"இதை எடுத்துட்டா வேலை நடக்குங்க," என்று தன் இறக்கையைக் காட்டினாள்.

மருதனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டான். "உனக்குப் பைத்தியமா? திரும்ப முளைக்காது."

"தெரியும்."

"கிழக்கு மாடத்துல உன் இடம் போயிரும். நம்ம குலத்தோட இடம் அது."

"தெரியுங்க. ஆனா இடம் இல்லைன்னு சொன்னது என் வாய்தான். வேற யார் சொல்லியிருந்தாலும் என்னால தூங்க முடியும்."

முதுகை ஒரு கல்லில் அழுத்தித் திருகினாள். முதல் இறக்கை சின்னச் சத்தத்தோடு உடைந்தது. மற்ற மூன்றும் அவ்வளவு சிரமம் கொடுக்கவில்லை. காற்று அவற்றைப் புல்லின் மேல் உருட்டிக்கொண்டு போனது. அவை போவதை ஒரு கணம் பார்த்தாள். பிறகு குழிக்குள் இறங்கிவிட்டாள்.

மருதன் அங்கேயே உட்கார்ந்திருந்தான். மூன்று நாள் வேலைக்கு இறங்கவில்லை. நாலாம் நாள், இருட்டில் சுவர் பூசிக்கொண்டிருந்த செம்பிக்குப் பின்னால் யாரோ மண் குழைக்கும் சத்தம் கேட்டது. திரும்பித் தடவினாள். மருதனின் முதுகு வழவழவென்று இருந்தது.

"பக்குவம் சரியா இருக்கா பாரு," என்றான் அவன்.

செம்பிக்கு அழுகை வந்தது. "தண்ணி கொஞ்சம் சேருங்க," என்று மட்டும் சொன்னாள்.

அதன் பிறகு ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். மன்றத்து வாசலில் உதிர்ந்த இறக்கைகள் உமி போலக் குவிந்தன. கார்த்திகையில் தொடங்கிய வேலை பங்குனியில் முடிந்தது. அடியில் ஒரு பெரிய கூடம், அதைச் சுற்றி அறைகள், மேலே காற்றுப் போக நீண்ட புழைகள்.

அதன் பிறகு நடந்த முதல் கூட்டத்தில் வீராயிதான் முதலில் பேசினாள். தண்ணீரைத் திருப்பிய முடிவு அன்றே ரத்தானது. எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஆறு பழைய வழிக்குத் திரும்பியது.

வல்லூறன் எழுந்தது. "ஒரு சந்தேகம். கிழக்கு மாடம் இறக்கை உள்ளவர்களுக்கு. செம்பி எப்படி அங்கே உட்காருவாள்?"

விதி விதிதான். நெடுவாயர் தலையைக் குனிந்துகொண்டார். செம்பி படியிறங்கி வந்தாள். கீழ்க்கூடத்தில் வீராயி நகர்ந்து தன் பக்கத்தில் இடம் விட்டாள். தேளும் கொடுக்கை மடக்கிக்கொண்டு ஒதுங்கியது.

நெடுவாயருக்கு மனம் கேட்கவில்லை. "செம்பி, இந்த மன்றம் உனக்கு ஏதாவது செய்ய வேண்டும். கேள்."

அவள் வயிற்றில் அப்போது முட்டைகள் இருந்தன.

"கட்டுற வேலை எங்களோட முடியாதுங்க. எங்க புள்ளைங்களும் இறக்கை இல்லாம மண்ணுக்குள்ளதான் வேலை செய்யணும், அதுல எனக்குக் குறையில்லை. ஆனா அதுங்க இந்த நாட்டைப் பார்த்ததே இல்லைன்னு ஆகக் கூடாது. பருவத்துக்கு வந்ததுங்களுக்கு, ஒரே ஒரு தடவை இறக்கை குடுங்க. மேல போய்ப் பார்க்கட்டும். அப்புறம் அதுங்களே கழட்டி வச்சுட்டு இறங்கிரும்."

எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். கைகள் உயர்ந்தன, வால்கள் உயர்ந்தன, இறக்கைகள் உயர்ந்தன. வல்லூறன் மட்டும் கிழக்கு மாடத்தின் நுனியில் அசையாமல் இருந்தது. வாசலில் குவிந்து கிடந்த இறக்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில், யார் முகத்தையும் பார்க்காமல், தன் இறக்கையைத் தூக்கியது.

அன்று முதல்தான் கோடை முடிந்து நல்ல மழை ஒன்று பெய்ததும் ஈசல்கள் மண்ணைத் திறந்துகொண்டு கூட்டம் கூட்டமாக மேலே கிளம்புகின்றன. சற்று நேரம் பறந்துவிட்டு, யாரும் சொல்லாமலே இறக்கைகளை உதிர்த்துவிட்டு, ஜோடி ஜோடியாக மண்ணுக்குள் இறங்கித் தங்கள் முதல் அறையைக் கட்டத் தொடங்குகின்றன.