ஒரே அளவாய் நறுக்கியவர்

குற்றாலத்து மலையடிவாரத்தில் துறவி உலகம்மையின் மடம் இருக்கும் இடம் முன்பு ஒரு பேக்கரி. மடம் கட்டும்போது எல்லாவற்றையும் இடித்தார்கள். ரொட்டி சுட்ட அந்தப் பெரிய செங்கல் அடுப்பின்மேல் மட்டும் கைவைக்க அம்மை விடவில்லை. மடத்தில் எண்ணெயில் பொரிப்பது கிடையாது. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள எதுவானாலும் அந்த அடுப்புக்குள் போய்த்தான் வரவேண்டும்.

அம்மையின் சீடர்களில் ஒருவர் குற்றாலிங்கம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அம்மையைவிடப் பத்து வயது மூத்தவர். வேலை ஓய்ந்ததே தவிர அவருக்குள் இருந்த வாத்தியார் ஓயவில்லை. மூலையில் சாத்திய துடைப்பத்தைக்கூட நேராக நிறுத்திவிட்டுத்தான் நகருவார்.

அன்று காலை மனிதருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பேச்சை முறித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன இளைய மகள் பூரணி, மதியம் அவரைப் பார்க்க வருகிறாள். இந்த ஒரு தடவையும் பேச்சு கோணிப்போனால் இனி வரமாட்டாள் என்று அவருக்குத் தெரியும்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"ரெண்டு பிள்ளைகளையும் ஒரே கண்ணாத்தான் பாத்தேன். ஒரே சோறு, ஒரே துணி, ஒரே கண்டிப்பு. மூத்தவ நல்லா வந்துட்டா. இவ மட்டும் ஏன் என்னை வெறுத்துட்டுப் போனா?"

அம்மை ஒரு கூடையை அவர் பக்கம் தள்ளினார். பீட்ரூட், கேரட், சர்க்கரைவள்ளிக் கிழங்கு.

"பிள்ளை பசியோட வருவா. இதை அடுப்புல வச்சு எடுங்க."

குற்றாலிங்கம் உட்கார்ந்து நறுக்கினார். ஒரு துண்டு இன்னொன்றைவிடப் பெரிதென்று யாரும் குறை சொல்ல முடியாது. கொஞ்சம் நல்லெண்ணெய், மிளகு, தட்டிய பூண்டு, கிள்ளிப்போட்ட கற்பூரவல்லி இலை. பிசறித் தட்டில் பரப்பி உள்ளே தள்ளினார்.

வாசனை கிளம்பியதும் தட்டை இழுத்துப் பார்த்தார். சர்க்கரைவள்ளி ஓரமெல்லாம் கருகியிருந்தது. கேரட் பதமாக இருந்தது. பீட்ரூட்டில் கத்தி இறங்கவே இல்லை.

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எல்லாம் ஒரே சூட்டுலதானே கெடந்துது? மத்ததெல்லாம் வெந்துட்டு. உனக்கு மட்டும் என்ன கேடு?"

பீட்ரூட்டைப் பார்த்துத்தான் கேட்டார். கேட்டபிறகுதான் உறைத்தது. அவருக்கு நன்றாகப் பழகிய வார்த்தை அது. கணக்கு வராமல் அழுதுகொண்டு நின்ற பூரணியிடம் எத்தனையோ தடவை சொன்னது. அக்காவுக்குப் புரியுது, உனக்கு மட்டும் என்ன கேடு?

அம்மை பக்கத்தில் வந்து தட்டைப் பார்த்தார்.

"யாரு வெட்டினது?"

"நான்தான்."

"எப்படி?"

"எல்லாம்... ஒரே அளவா."

அம்மை கத்தியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, அடுப்படிக்கு வெளியே, பேச்சு காதில் விழும் தூரத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

குற்றாலிங்கம் பீட்ரூட்டை மட்டும் பொறுக்கி எடுத்து ஒவ்வொன்றையும் பொடிசாக நறுக்கினார். விரலெல்லாம் சிவந்தது. பாவம், கண்ணும் கலங்கிவிட்டது.

"உம்மேல தப்பில்ல" என்று முணுமுணுத்தார். "உனக்கு எப்படி வேணும்னு நான்தான் பாக்கல."

மறுபடி உள்ளே வைத்துவிட்டு, அனல் முகத்தில் அடிக்க அங்கேயே நின்றார். இந்தத் தடவை பீட்ரூட் வெந்தது.

தட்டை இறக்கும்போது வாசல் கதவு கிறீச்சிட்டது. பூரணி வந்திருந்தாள். செருப்பைக் கழற்றாமல், உள்ளே வருவதா திரும்பிப் போவதா என்று தெரியாதவளாய் நின்றாள்.

குற்றாலிங்கம் ஓட்டமும் நடையுமாக அம்மையிடம் போனார்.

"அம்மா, வந்துட்டா. நேத்துலருந்து யோசிச்சு வச்சிருந்த பேச்சு ஒண்ணும் இப்ப வாயில வரமாட்டேங்குது. அவகிட்ட நான் என்ன சொல்ல?"

"பீட்ரூட்டுகிட்ட கடைசியா ஒண்ணு சொன்னீங்களே," என்றார் அம்மை. "அதைப் போய்ச் சொல்லுங்க."