படிக்கம்

குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடனுக்கு ஐம்பது. அப்படியும் நடக்கும்.

குருவின் பெயர் பிலோமினா. புதுச்சேரியில் கடலுக்கு இரண்டு தெரு உள்ளே, பீரை அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றுகிற ஓட்டல் ஒன்றில் பீர் காய்ச்சுகிறவள். பேச்சு குறைவு. சிரிப்பு அதைவிடக் குறைவு.

சீடன் எத்திராசு, அதே ஓட்டலின் சமையல்காரன். முப்பது வருஷமாக எந்த அடுப்படியில் நின்றாலும் அவனை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். இங்கே வந்த பிறகு அவன் வாயால் இன்னொருத்தியை மாஸ்டர் என்று கூப்பிட வேண்டியதாயிற்று. முதல் வாரம் அந்த வார்த்தை மீன்முள் மாதிரி தொண்டையில் நின்றது. பிறகு இறங்கிவிட்டது.

எத்திராசு குடித்துக் கெட்டவன். அதை அவனே சொல்வான். நான்கு ஓட்டல்களிலிருந்து துரத்தப்பட்டான். மனைவி அஞ்சலாட்சி அவனை விட்டுத் தாய்வீடு போய் இரண்டு வருஷம் இருந்தாள். ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து, ஒரு வருஷம் ஒரு சொட்டு தொடாமல் இருந்து காட்டிய பிறகுதான் திரும்பி வந்தாள். வரும்போதே சொல்லிவிட்டாள், இன்னொரு முறை போனால் வருவதற்கில்லை என்று. அவள் சொன்னால் சொன்னதுதான்.

அப்படிப்பட்டவன் பீர் காய்ச்சும் இடத்துக்கு ஏன் வேலைக்குப் போனான்? வேறு யாரும் எடுக்கவில்லை. அவ்வளவுதான்.

வேலை சமையலோடு நின்றிருந்தால் தொல்லை இல்லை. முதலாளிக்கு ஓர் ஆசை வந்தது. ஐந்து வகை பீர் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பொருத்தமாக ஒரு பதார்த்தம் வேண்டும். பீர் பதார்த்தத்தைத் தூக்க வேண்டும், பதார்த்தம் பீரைத் தூக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மதியம், அழைத்த விருந்தாளிகள் இருபது பேர். விருந்து நன்றாக நடந்தால் அடுப்படி முழுக்க இனி எத்திராசு பொறுப்பு. இல்லையென்றால் வேறு ஆள் வருவான்.

ஐம்பது வயதில் ஐந்தாவது ஓட்டலிலிருந்தும் வெளியே போனால் ஆறாவது இல்லை. எத்திராசுக்கு அது தெரியும்.

பொருத்தம் பார்க்க ருசி பார்க்க வேண்டும். அவன் பிலோமினாவிடம் போய் நின்று, தன் கதையை ஒளிக்காமல் சொன்னான். அவள் முழுக்கக் கேட்டாள். உள்ளே போய் ஒரு எவர்சில்வர் படிக்கத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். வெற்றிலை போடுகிறவர்கள் துப்ப வைத்திருப்பார்களே, அதேதான்.

"வாயில வைங்க. சுத்த விடுங்க. துப்புங்க."

அன்று சாயங்காலம் அவளே அஞ்சலாட்சிக்குப் போன் போட்டாள். வாயில் வாடை வரும், அது உள்ளே போன வாடை இல்லை, ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் நான் நிற்பேன் என்றாள்.  உங்க வாக்கை நம்புறேன் என்று சொல்லி அஞ்சலாட்சி வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. எத்திராசு வேலை முடிந்து வருவான். அஞ்சலாட்சி வாசற்படியில் நிற்பாள். முகர்ந்து பார்க்க மாட்டாள். ஒன்றே ஒன்று கேட்பாள்.

"துப்பினீங்களா?"

"துப்பினேன்."

ஒதுங்கி வழி விடுவாள்.

அடுப்படியில் கிண்டலுக்குப் பஞ்சமில்லை. பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த மாதிரி என்றான் தந்தூரி அடுப்பில் நிற்கிற பச்சையப்பன். கல்யாணத்துக்குப் போய் இலையில் கை வைக்காமல் எழுந்து வருகிற மனுஷன் இவர் ஒருத்தர்தான் என்றும் சொன்னான். எத்திராசு துப்பினான். எழுதினான். மறுபடி துப்பினான்.

பிலோமினா எதையும் விளக்குவதில்லை. தப்பான தட்டை வைத்தால் தள்ளுவாள். சரியான தட்டை வைத்தால் இன்னொரு வாய் எடுப்பாள். அதுதான் பாடம்.

கோதுமை பீருக்குத் தேங்காய் போட்டு அவித்த இறால் அமைந்தது. லாகர் என்கிற லேசான பீருக்கு வஞ்சிரம் வறுவல். செம்மண் நிறத்தில் ஒன்று இருந்தது, அதற்குச் சின்ன வெங்காயம் வதக்கிய கோழி. காப்பிக்கொட்டை வாசம் வீசும் கறுப்பு பீருக்குக் கருப்பட்டி போட்டுச் சுட்ட வாழைப்பழம். நாலும் இரண்டு மாதத்தில் அமைந்துவிட்டன. நாலாவது தட்டில் அவள் இரண்டு வாய் கூடுதலாக எடுத்தாள். எத்திராசு அன்று தெருவெல்லாம் தனக்குள் பேசிக்கொண்டே வீட்டுக்குப் போனான்.

ஐந்தாவது வந்தது. கசப்பு பீர். ஹாப்ஸ் என்கிற பூவைக் கை கொள்ளாமல் அள்ளிப் போட்டுக் காய்ச்சுவது.

கசப்புக்கு எதிரே காரத்தை நிறுத்த வேண்டும் என்று எத்திராசு நினைத்தான். மிளகு நண்டு செய்தான். ஒரு வாய் நண்டு, ஒரு வாய் பீர், சுழற்றினான், துப்பினான். அருமை. பச்சையப்பனுக்கும் மற்றவர்களுக்கும் கொடுத்தான். இரண்டாவது மடக்கில் எல்லோரும் தண்ணீர்க் குழாய்க்கு ஓடினார்கள். தொண்டையில் நெருப்பு வைத்த மாதிரி இருக்கிறது, கசப்பு வேறு காரத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கவே மாட்டேன் என்கிறது என்றார்கள்.

மிளகைக் குறைத்தான். நண்டை விட்டு நெத்திலிக்கு வந்தான். மிளகாயை மாற்றினான், எலுமிச்சை பிழிந்தான், ஊறுகாய் வைத்தான். ஒவ்வொரு தடவையும் அவன் வாய் சரி என்றது. மற்றவர்கள் தொண்டை இல்லை என்றது. ஒரு மாதம் போயிற்று. விருந்துக்கு மூன்று நாள் இருந்தது.

புதன்கிழமை அவன் பிலோமினாவிடம் போனான்.

"மாஸ்டர், என் வாய்க்குச் சரியா இருக்கிறது அவங்க தொண்டைக்கு ஏன் ஆகல?"

அவள் அடுப்படிக்குள் போய்க் கூடையிலிருந்து ஒரு பாகற்காயை எடுத்தாள். இரண்டு வளையம் நறுக்கினாள். ஒன்றைக் கொடுத்தாள்.

"மெல்லுங்க. துப்புங்க."

மென்றான். படிக்கத்தில் துப்பினான்.

"கசக்குதா?"

"ரொம்ப இல்ல."

இரண்டாவதைக் கொடுத்தாள்.

"மெல்லுங்க. முழுங்குங்க."

முழுங்கினான். அவள் கத்தியைக் கழுவித் துடைத்தாள். பலகையைக் கழுவிச் சாய்த்து வைத்தாள். அவன் வாய்க்குள் ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தபோது நாக்கின் அடியிலிருந்து அது ஏறி வந்தது. மேலண்ணம் வரை வந்தது. போகவில்லை.

"இப்போ?"

"இப்பத்தான் மாஸ்டர் வருது."

"அதான்."

அவள் போய்விட்டாள்.

எத்திராசு யோசித்தான். மற்ற நாலும் வாயிலேயே தங்களைக் காட்டிக்கொண்டுவிட்டன. இது உள்ளே போன பிறகுதான் ஆள் யாரென்று காட்டும். துப்புகிறவனுக்குக் காட்டாது. பீரை ருசி பார்க்கிறவர்கள் துப்புவதில்லை என்று எப்போதோ கேட்டது நினைவுக்கு வந்தது. குரு இதைத்தான் சொன்னாள், வாய்விட்டுச் சொல்லக் கூசினாள் என்று எடுத்துக்கொண்டான். மனுஷனுக்கு வேண்டியது காதில் தானாக விழும்.

வியாழக்கிழமை முழுக்கத் தன்னோடு மல்லுக்கட்டினான். ஒரு கிளாஸ் தொடவில்லை. சாயங்காலம் வாசலில் துப்பினேன் என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அன்று துப்புவதற்கு ஒன்றும் இல்லை என்றான். அஞ்சலாட்சி அதற்குச் சிரித்தாள். அவள் சிரித்து அவன் பார்த்து நெடுநாள் ஆயிற்று.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணி. பீருக்கான மால்ட், முளைகட்டிய பார்லி, மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிற நாள். பிலோமினா குடோனுக்குப் போயிருந்தாள். திரும்பி வரும்வரை பொறுத்திருக்கலாம். அவன் பொறுக்கவில்லை.

கசப்பு பீரை ஒரு ஜக்கில் பிடித்து, அதிலிருந்து ஒரு சின்ன கிளாஸில் ஊற்றினான். படிக்கம் வலது கைப்பக்கம் கவிழ்ந்திருந்தது. நிமிர்த்தி வைத்தான். ஒரு வாய், மருந்து மாதிரி, என்று சொல்லிக்கொண்டான். முழுங்கினான்.

நின்றான். கசப்பு ஏறி வந்தது. அது எதைக் கேட்கிறது என்று அவனுக்குச் சட்டென்று தெரிந்துவிட்டது. கூட்டத்தில் யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி. காரம் இல்லை. கொழுப்பு கேட்கிறது. உப்பு கேட்கிறது. கொஞ்சம் இனிப்பு, அதுவும் ஒளிந்திருக்க வேண்டும்.

கொழுப்போடு பன்றிக் கறி எடுத்தான். ஒரு மிளகாய் போடவில்லை. தேங்காய்ப்பாலில் வேகவிட்டான். கருப்பட்டி ஒரு சுண்டு விரல் அளவு. உப்பு தூக்கலாக. வெந்ததும் பீரோடு சேர்த்துப் பார்க்க வேண்டுமே. ஒரு வாய். உப்பு இன்னும் கொஞ்சம். அதற்கு ஒரு வாய். ஆறினால் எப்படி இருக்கும்? அதற்கும். சமையல்காரன் ஒரே வாயில் உப்புப் பார்த்து நிறுத்தினதாக யாராவது கேள்விப்பட்டதுண்டா.

நாலு மணிக்கு ஜக்கு காலி. கறி அமைந்துவிட்டது.

சாயங்காலம் அஞ்சலாட்சி வாசலில் நின்றாள்.

"துப்பினீங்களா?"

"துப்பினேன்."

அவள் ஒரு மூச்சு தாமதித்து ஒதுங்கினாள்.

சனிக்கிழமை மதியம் இருபது பேர் வந்தார்கள். இறால் போயிற்று, வஞ்சிரம் போயிற்று, கோழியும் வாழைப்பழமும் போயின. எல்லாத் தட்டும் வழித்து வந்தன. கடைசியாக எத்திராசு கசப்பு பீரோடு கறியை அனுப்பினான். வெளியே பேச்சுச் சத்தம் நின்றது. அடுப்படியில் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். பிறகு கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

முதலாளி உள்ளே ஓடி வந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கார்டிலேயே இல்லாத ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டீர்களே, நாலையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டதே என்றார். திங்கட்கிழமையிலிருந்து அடுப்படி உங்களுடையது என்றார். பச்சையப்பன் கிண்டலை மறந்து அவன் காலைத் தொடப் போனான். அந்தச் சத்தத்தில் கார்டு என்றது எத்திராசுவின் காதில் தங்கவில்லை.

விருந்தாளிகள் போன பிறகு ஒரு தட்டில் கறியும் ஒரு கிளாஸில் கசப்பு பீரும் எடுத்துக்கொண்டு பிலோமினாவிடம் போனான். பீர்த் தொட்டிகளுக்குப் பக்கத்தில் அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ஒரு துண்டு எடுத்தாள். ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடி வெகுநேரம் இருந்தாள். இன்னொரு துண்டு எடுத்தாள்.

"சேருதா மாஸ்டர்?"

"சேருது. இதைவிட ஒண்ணு சேராது."

அவன் நின்றுகொண்டே இருந்தான். அவள் தட்டை நகர்த்தினாள். எழுந்து போய்ப் படிக்கத்தைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். உள்ளே பளபளவென்று காய்ந்திருந்தது. ஓர் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது.

"வியாழக்கிழமை நான் கழுவிக் கவுத்தது. நிமிந்துருக்கு. நனையல."

"ஒரு வாய்தான் மாஸ்டர்."

அவள் படிக்கத்தை அவன் பக்கம் சாய்த்துக் காட்டினாள்.

"பொருத்தம் பாக்க வேண்டியிருந்துச்சு."

அவள் சாய்த்த படிக்கத்தை நிமிர்த்தவில்லை.

"ஒரு ஜக்கு," என்றான்.

தொட்டிக்குள் எங்கோ காற்றுக் குமிழ் ஏறி உடைந்தது. எத்திராசுவுக்குக் கோபம் வந்தது. அவமானப்பட்டவனுக்கு முதலில் வருவது அதுதான்.

"பாகற்காயைக் கொடுத்தது யாரு? முழுங்கச் சொன்னது நீங்கதான?"

"பாகற்காயை முழுங்கச் சொன்னேன்."

"வேற எதுக்குக் கொடுத்தீங்க?"

அவள் ஏப்ரன் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்துக் கொடுத்தாள். தடித்த காகிதம், நல்ல அச்சு. விருந்தாளிகளின் மேஜையில் வைத்தது. மேலே ஓட்டலின் பெயர். கீழே நாலு பீர், நாலு பதார்த்தம். அதற்கும் கீழே, சமையல்: எத்திராசு. மற்றது வெற்றுக் காகிதம்.

அவன் திருப்பிப் பார்த்தான். பின்பக்கமும் ஒன்றுமில்லை.

"செவ்வாக்கிழமையே அடிச்சு வந்துருச்சு," என்றாள். "அஞ்சாவது வேணாம், நாலு போதும்னு முதலாளிகிட்டச் சொன்னேன். சரின்னுட்டாரு."

"எங்கிட்ட யாரும் சொல்லல."

"பாகற்காயை முழுங்கினதும், இது துப்புறவன் வேலை இல்ல, என்னால ஆகாது மாஸ்டர்னு நீங்களே வந்து சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

எத்திராசு கார்டை மடிக்கப் பார்த்தான். தடித்த காகிதம், மடியவில்லை.

"ஒரு வார்த்தை முன்னாடி சொல்லியிருக்கலாமே மாஸ்டர்."

"சொல்லியிருக்கலாம்."

அதை அவள் அவனைப் பார்த்துச் சொல்லவில்லை. படிக்கத்துக்குள் பார்த்துச் சொன்னாள். எறும்பு விளிம்பு வரை ஏறி, வழுக்கி, மறுபடி உள்ளே விழுந்தது. அவள் அதை விரலால் எடுத்து வெளியே விட்டாள்.

கிளாஸில் பாதி பீர் மீதி இருந்தது. அவன் கண் அங்கே போனதை அவள் பார்த்தாள். கிளாஸை எடுத்துச் சாக்கடையில் கொட்டினாள்.

"அஞ்சலாட்சிகிட்டச் சொல்லிருவீங்களா?"

"பக்கத்துல நிப்பேன்னு சொன்னவ நான். நிக்கல. நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்ல?"

"அப்ப நான் என்னதான் செய்ய?"

அவள் படிக்கத்தைத் துடைத்தாள். இருந்த இடத்தில் கவிழ்த்து வைத்தாள்.

"வீட்டுக்குப் போங்கண்ணே. வாசல்ல ஒரு கேள்வி நிக்கும். அதுக்கு எது சேரும்னு பாருங்க."