பெயர் எழுதாத துண்டறிக்கை

“முன்னெல்லாம் என் துண்டறிக்கையைப் படிச்சுட்டு அடிக்க வருவானுங்க. இப்போ படிக்காமலே அடிக்க வர்றானுங்க” என்றார் கதிரொளி.

செங்கமலம் நிமிரவில்லை. பழைய கால்சட்டை ஒன்றுக்குள் வைக்கோலைத் திணித்துக்கொண்டிருந்தாள்.

“அடி பலமா ஐயா?”

“அடி கிடக்குது. படிக்கலையே!”

கதிரொளிக்கு வயது அறுபத்தேழு. உலக்கைக் கட்சிக்காரர். ஏழு முறை சிறை கண்டவர். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. மிச்சப் படிப்பைத் துண்டறிக்கைகள்தான் கொடுத்தன. பிறகு அவரே நாற்பது ஆண்டுகள் எழுதினார். அவருடைய நையாண்டிக்கு அமைச்சர்கள் பயந்த காலம் ஒன்று உண்டு. யாரும் கேட்காவிட்டாலும் அதை அவர் சொல்லிவிடுவார்.

செங்கமலத்துக்கு முப்பத்தெட்டு. சந்தைப்பேட்டைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் உருவபொம்மை செய்கிறவள். உலக்கைக் கட்சி முறக் கட்சித் தலைவரை எரித்தாலும் சரி, முறக் கட்சி உலக்கைக் கட்சித் தலைவரை எரித்தாலும் சரி, பொம்மை அவள் கையால் செய்ததுதான். இரண்டுக்கும் ஒரே வைக்கோல்.

இவளிடம் வந்து பாடம் கேட்பதா என்று கதிரொளி மூன்று நாள் தன்னோடு சண்டை போட்டிருந்தார்.

“சவரிமுத்துவைத் தெரியுமில்ல?”

“முறக் கட்சி சவரிமுத்து அண்ணனா?”

“பதினோரு வருஷமாத்தான் முறம். அதுக்கு முன்னாடி என்கூட ஜெயில்ல ஒரே கொட்டடியில பதினோரு மாசம். நான் எழுதுறதை முதல்ல படிக்கிறவன் அவன்தான். ஒரு சேதி தப்பா இருந்தா உடனே பேனாவைப் பிடுங்கித் திருத்துவான். போன வாரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில அவன் கையில என் அறிக்கையைக் கொடுத்தேன். வடை தின்ன எண்ணெய்க் கையை அதுலயே துடைச்சான்.”

செங்கமலம் இப்போது நிமிர்ந்தாள்.

“படிச்சுட்டா?”

“படிக்காம.”



“அதுக்கு என்கிட்ட ஏன் வந்தீங்க?”

“எங்க தலைவரை முச்சந்தியில எரிக்கப் போறாங்கன்னு தடுக்க ஓடினேன். உன் பொம்மையைப் பார்த்தேன். பதவியெல்லாம் எனக்குத் தூசுன்னு ஒரு கையை விரிச்சிருக்கார். இன்னொரு கை நாற்காலியை விடவே மாட்டேங்குது. கோஷம் போட வாயைத் திறந்தவன் சிரிச்சுத் தொலைச்சுட்டேன். எப்படிம்மா செஞ்சே?”

அவள் ஒரு மண்பானையையும் கிழிந்த சட்டையையும் அவர் பக்கம் நகர்த்தினாள்.

“செவ்வாய்க்கிழமைக்கு முறக் கட்சித் தலைவர் பொம்மை வேணும்னு உங்க ஆளுங்க கேட்டிருக்காங்க. நீங்களே செய்யுங்க.”

கதிரொளி இரண்டு நாள் வேலை செய்தார். ஆத்திரம் தீரச் செய்தார். இரண்டு கொம்பு. கோரைப்பல். மார்பு வரைக்கும் தொங்கும் சிவப்பு நாக்கு. வாயோரம் குங்குமம் குழைத்த ரத்தம்.

“எப்படி?”

“பயமா இருக்குங்க ஐயா.”

அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். பெயர் அட்டை எழுத மட்டும்தான் பாக்கி.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. முறக் கட்சிக் கரை வேட்டியோடு நான்கு பேர் இறங்கினார்கள்.

“அக்கா, அவசரம். அந்த உலக்கைத் தலைவனை இன்னிக்கே கொளுத்தணும். பொம்மை இருக்கா?”

“செய்யலையே தம்பி.”

ஒருவன் கொக்கியில் தொங்கியதைப் பார்த்தான். “இந்தா, இது அவனேதான்! என்ன ஒரு தத்ரூபம்!”

“டேய்! அது உங்க தலைவர்டா!” என்று கத்தினார் கதிரொளி.

நான்கு பேரும் பொம்மையை மேலும் கீழும் பார்த்தார்கள்.

“எங்க தலைவரா? பெருசு, கண்ணுக்கு வைத்தியம் பாரு.”

கையோடு கொண்டுவந்திருந்த அட்டையைப் பொம்மையின் கழுத்தில் மாட்டினார்கள். அதில் உலக்கைக் கட்சித் தலைவர் பெயர் இருந்தது. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அரை மணி நேரத்தில் முச்சந்திப் பக்கம் புகை எழுந்தது.

நாற்பது ஆண்டு விசுவாசி தன் தலைவரைத் தன் கையாலேயே செய்து எரியக் கொடுத்திருந்தார்.

செங்கமலம் அடுத்த கால்சட்டையை எடுத்தாள்.

கதிரொளி சட்டைப் பையிலிருந்து தன் கடைசித் துண்டறிக்கையை எடுத்தார். முறக் கட்சித் தலைவர் பெயர் வந்த இடத்திலெல்லாம் தன் தலைவர் பெயரை வைத்து வாய்விட்டுப் படித்தார்.

முதல் வரி பொருந்தியது. இரண்டாவது வரி பொருந்தியது. மூன்றாவது வரியில் நிறுத்தி, அறிக்கையை நான்காக மடித்தார்.

“என்ன செய்யட்டும்?”

“முறக் கட்சித் தலைவர் எப்படி நடப்பார்?”

“அயோக்கியன் மாதிரி.”

“எந்தக் காலை முதல்ல வைப்பார்?”

கதிரொளிக்குத் தெரியவில்லை. முப்பது ஆண்டுகளாகத் திட்டிய மனிதரை அவர் முழுசாக ஐந்து நிமிடம் பார்த்ததில்லை.

“ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவங்க பொதுக்கூட்டம். முன்வரிசையில போய் உட்காருங்க.”

“நானா? முறத்தானுங்க பந்தலுக்குள்ளயா? அதுக்கு நான் எட்டாவது தடவை ஜெயிலுக்கே போவேன்!”

அவள் கையை நீட்டினாள். “எழுத வேண்டாம், பார்த்துட்டு வாங்க. பேனாவை இங்க வச்சுட்டுப் போங்க.”

அந்தப் பேனாவைச் சிறை அதிகாரிகளிடம்கூட அவர் சுலபத்தில் கொடுத்ததில்லை. கொடுத்தார்.

திங்கட்கிழமை காலையில் கொட்டகைக்குள் நுழையும்போதே அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

“அவருக்கு யார் பேரும் தெரியாது செங்கமலம்! முதுகுக்குப் பின்னால ஒருத்தன் நின்னு பேரை ஓதுறான். காது பின்னால போகுது, கை முன்னால விரியுது. ‘என் உயிர்த் தம்பி’ன்னு கட்டிப்பிடிச்சு அழறார். கடைசியில ஓதுறவன் தும்மிட்டான். மைக் செட்டுக்காரனைக் கட்டிப்பிடிச்சு, ‘உன் தியாகத்தை இந்தக் கட்சி மறக்காது’ன்னுட்டார். அந்த ஆளு ஒயரைப் பிடிச்சுக்கிட்டு முழிக்கிறான்!”

செங்கமலம் சிரித்தாள். அவள் சிரித்து அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“வேற?”

கதிரொளியின் சிரிப்பு தணிந்தது.

“கால் வீங்கியிருக்கு. மேஜைக்கு அடியில செருப்பைக் கழட்டிட்டு ஒரு காலால இன்னொரு காலைத் தேய்ச்சுக்கிறார். அப்படியே மூணு மணி நேரம் நின்னார். மனு கொடுக்க வந்த கடைசி ஆள் போற வரைக்கும் உட்காரலை.”

“அதையும் பொம்மையில வைப்பீங்களா?”

அவர் யோசித்தார். “எழுதாட்டிப் பொய்யாயிடும்.”

“எழுதறதா? பொம்மை செய்யலையா?”

“பேனாவைக் கொடு.”

அவள் பேனாவை எடுத்தாள். ஆனால் கொடுக்கவில்லை.

“உங்க தலைவர் நாற்காலியையும் எழுதுவீங்களா?”



“கட்சியை விட்டு நீக்கிடுவாங்க” என்றார் கதிரொளி.

அவள் பேனாவைப் பிடித்தபடியே இருந்தாள்.

“தாளுக்கு ரெண்டு பக்கம் இருக்கு” என்று அவரே முனகினார். கையை நீட்டினார்.

பேனா அவர் கைக்கு வந்தது.

புதன்கிழமை காலை பஸ் ஸ்டாண்டு டீக்கடை. சவரிமுத்து பெஞ்சில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் முறக் கட்சிக்காரர்கள் ஐந்தாறு பேர்.

கதிரொளி துண்டறிக்கையை நீட்டினார். வணக்கம் சொல்லவில்லை. அறிக்கையைப் படித்துவிட்டுக் காலையிலேயே அவருடைய கட்சி அலுவலகத்தில் அவர் பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டார்கள்.

சவரிமுத்து எண்ணெய்க் கையோடு வாங்கினார். கசக்கப்போனவர், மேலே யார் பெயரும் இல்லாததைப் பார்த்துக் கொஞ்சம் நின்றார். கண் முதல் வரியில் விழுந்தது.

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

முகம் இறுகியது. படித்தார். தாளைத் திருப்பினார். அந்தப் பக்கம் நாற்காலி. ஒரு கை விரிந்திருக்க, மறு கை விடாத நாற்காலி. சவரிமுத்து வாயிலிருந்த வடை வெளியே தெறித்தது. இருமினார். சிரித்தார். மறுபடியும் இருமினார்.

“என்னண்ணே போட்டிருக்கான்? யாரைண்ணே?” என்று பக்கத்திலிருந்தவன் எட்டிப் பார்த்தான்.

சவரிமுத்து தாளை மறுபடியும் முன்பக்கம் திருப்பினார். முதல் வரியிலிருந்து படித்தார். வீங்கிய கால் வந்த இடத்தில் கொஞ்சம் தாமதித்தார். உதட்டைக் கடித்தார்.

கதிரொளி நின்றுகொண்டே இருந்தார். தீர்ப்புக்கு நின்ற எந்த நீதிமன்றத்திலும் அவர் இப்படிக் காத்திருந்ததில்லை.

“கதிரு.”

பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த பெயர்.

“பேர் ஓதுறவன் இடது பக்கம் நிப்பான்டா. நீ வலது காதுன்னு எழுதியிருக்கே.”

சவரிமுத்து கையை நீட்டினார்.

“கொண்டா பேனாவை.”