நீர்நாய் நட்ட மூங்கில் குச்சி

மலையடிவாரக் காட்டில், ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் ஆழமான மடு ஒன்று இருந்தது. அதில் ஒரு நீர்நாய் தன் இரண்டு குட்டிகளோடு மீன் பிடித்து வாழ்ந்துவந்தது. சந்தேகத்துக்கு ஒரு கோயில் கட்டினால், அதற்கு அந்த நீர்நாய்தான் பூசாரி!

இரண்டு ஐப்பசியாக மழை சரியில்லை. மடுவில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது.

"யாரோ திருடுகிறார்கள்!" என்று நீர்நாய் ஒரு மூங்கில் குச்சியை நட்டு, தினமும் அளவு பார்த்தது.

ஒரு மாலை, பெண் யானை ஒன்று கன்றோடு வந்து தண்ணீர் குடித்தது. மறுநாள் நாலு விரல் குறைந்திருந்தது.

"பிடித்துவிட்டேன் திருடியை!"

யானை வராத அன்றும் நாலு விரல் குறைந்தது. "என்னை ஏமாற்றத்தான் வராமல் இருந்திருக்கிறாள்!" என்றது நீர்நாய்.

போதாக்குறைக்கு, யானை காய்ந்த மணலில் பள்ளம் தோண்டுவதையும் பார்த்துவிட்டது. "திருடியதை ஒளித்துவைக்க இடம் தேடுகிறாள்!"

மரத்திலிருந்த மந்தி சிரித்தது. "அசடே, அது ஊற்று தோண்டுகிறது! மேலாற்றுக்குப் போய்ப் பார். மனிதர்கள் லாரி லாரியாக மணல் அள்ளுகிறார்கள். மோட்டார் போட்டுத் தண்ணீரை உறிஞ்சுகிறார்கள்!"

"நான் அங்கே போனால் இங்கே யார் காவல்? அது சரி, அவள் உனக்கு எத்தனை விளாம்பழம் உலுக்கிப் போட்டாள்?"

மந்தி தலையில் அடித்துக்கொண்டு மேல்கிளைக்குத் தாவியது.

அன்று மாலை நீர்நாய் யானையிடம் நைச்சியமாக ஒரு பொய் சொன்னது. "அக்கா, எதிர்க்கரை மருதமரத்தில் மலைத்தேனீ கூடு கட்டியிருக்கிறது. கொட்டினால் கன்று தாங்காது!"

யானை கன்றைத் தும்பிக்கையால் அருகே இழுத்துக்கொண்டது. "நல்ல வேளை சொன்னாய், தங்கச்சி! நாங்கள் கிழக்கு மலைக்கே போய்விடுகிறோம். உன் குட்டிகளும் பத்திரம்!"

நீர்நாய் நிம்மதியாகத் தூங்கியது. காலையில் குச்சியைப் பார்த்தால், ஐந்து விரல் குறைந்திருந்தது!

பத்தே நாளில் மடு சேறானது. வேறு வழியில்லாமல் நீர்நாய் மேலாற்றுக்கு ஓடியது. ஆற்றின் நடுவே ஒரு பனைமர ஆழத்துக்குக் குழி. வந்த தண்ணீரெல்லாம் அதில் இறங்கி, தடித்த குழாய் வழியே எங்கோ போய்க்கொண்டிருந்தது. கரையில் லாரிகள் வரிசையாக நின்றன.

வெட்கத்தோடு திரும்பி வந்தது. குட்டிகள் தாகத்தில் முனகின. யானை பாதியில் விட்ட பள்ளத்தில் மணல் ஈரமாக இருந்தது. நீர்நாய் நகம் தேயத் தோண்டியது. தோண்டத் தோண்ட மணல் சரிந்து மூடியது.

"தண்ணீருக்கு இன்னும் இரண்டு முழம் தோண்ட வேண்டும். யானைக்கு அது ஒரு நாழிகை வேலை" என்றது மந்தி.

நீர்நாய் அழுதது. "பாவி நான்! கிழக்கு மலை எவ்வளவு தூரம்?"

"ஒரு பகல் நடை."

நீர்நாய் ஒரு குட்டியைக் கவ்வியது. இன்னொன்றைக் கவ்வ இன்னொரு வாய் இல்லை. மந்தி மரத்தைவிட்டு இறங்கி, அந்தக் குட்டியைத் தூக்கிக்கொண்டது. நீர்நாய் ஒரு கணம் மந்தியைச் சந்தேகமாகப் பார்த்தது. பிறகு அதன் பின்னாலேயே நடந்தது.

பக்கத்தில் நின்று குடிப்பவரைத் திருடரென்று காவல் காத்தால், ஆற்றையே கொண்டுபோகிறவர் கண்ணில் படமாட்டார்.