ஒன்று புது ஊருக்குக் குடிபோன கதை

ஒரு படகுத்துறையின் சீட்டு அறையில் ஒரு பழைய கணினி இருந்தது. அந்தக் கணினிக்குள் நாற்பது வரிகளில் ஒரு நிரல் குடியிருந்தது. அந்த நிரலின் முப்பத்திரண்டாம் வரியில் ஒரு ஒன்று இருந்தது.

வெறும் ஒன்று. முன்னால் ஒரு கூட்டல் குறி. அவ்வளவுதான் அதன் சொத்து.

நிரலுக்குச் சின்ன வேலைதான். படகில் ஏறுகிறவர்களை எண்ணும். இடம் நிறைந்ததும் "போதும்" என்று சொல்லும். எண்ணி வந்த தொகையோடு ஒன்று ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும். அதற்கப்புறம்தான் எட்டு ஆகிவிட்டதா என்று பார்ப்பார்கள். இருபது வருஷமாக ஒன்று இப்படி ஒட்டிக்கொண்டிருந்தது. எதற்கு என்று அதற்கே தெரியாது. எழுதினவர் சொல்லவில்லை; இதுவும் கேட்கவில்லை.

நிரலை எழுதியிருந்த பழைய கணினி மொழி தாராளமான மொழி. அதில் எழுதிய வரிகள் எல்லாம் ஒரே கூடத்தில் சத்திரம் மாதிரி படுத்துக்கிடக்கும். யார் பானையில் யார் வேண்டுமானாலும் கை விடலாம். "நீ யார்?" என்று அங்கே யாரும் யாரையும் கேட்டதில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை சுகந்தி வந்து கணினி முன் உட்கார்ந்தாள். துறையின் கணினிகளைப் பார்த்துக்கொள்பவள் அவள். புது மொழி ஒன்றைக் கற்றே தீருவது என்று கிளம்பியிருந்தாள். புத்தகத்தை மூன்று தடவை எடுத்து, மூன்று தடவையும் இரண்டாம் பாடத்தில் தூங்கிவிட்டாள். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்று புத்தகத்தை மூடிவிட்டு, இந்த நிரலையே வரி வரியாகப் புது மொழிக்கு மாற்றத் தொடங்கினாள்.

கூடத்தில் ஒரே கும்மாளம். "ஊர் மாறப் போகிறோம்!" என்று வரிகள் குதித்தன. ஆட்களைச் சுற்றிச் சுற்றி வந்து எண்ணுகிற சுற்று, சந்தோஷத்தில் நாலு சுற்று கூடுதலாகச் சுற்றித் தலைகிறுகிறுத்து விழுந்தது. ஒன்று தன் கூட்டல் குறியைத் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கியது.

புது ஊர் வேறு மாதிரி. ஆளுக்கொரு வீடு, வீட்டுக்கொரு கதவு, கதவுக்கு மேல் பெயர்ப்பலகை. அடுத்த வீட்டுப் பானையில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் கதவைத் தட்டிக் கேட்க வேண்டும். ஊர் வாசலில் புது மொழி கஞ்சி போட்ட சட்டையோடு விறைப்பாக நின்றது.

"பெயர்?"

"சுற்று."

"உள்ளே போ. இங்கே பூஜ்ஜியத்திலிருந்து எண்ண வேண்டும்."

"பூஜ்ஜியத்திலிருந்தா? அங்கே ஒருத்தருமே இல்லையே!"

"பழகிவிடும்."

இந்தப் பூஜ்ஜியம்தான் வினையாயிற்று. பழைய மொழி ஒன்றிலிருந்து எண்ணுகிற மொழி. அதற்காகவே அங்கங்கே வரிகளில் ஒன்றைக் கூட்டி வைத்திருந்தார்கள். புது மொழிக்கு அவை தேவையில்லை. இது பிடிபட்டதும் சுகந்திக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. "நீயும் வேணாம், நீயும் வேணாம்!" என்று ஒன்றுகளை வரிசையாகத் தட்டிவிட்டுக்கொண்டே வந்தாள். ஓய்வு கிடைத்த ஒன்றுகள் கையாட்டிக்கொண்டே போயின.

முப்பத்திரண்டாம் வரி வந்தது.

"நான் அந்த ஒன்று இல்லை!" என்று அலறியது நம் ஒன்று.

"பின்னே எந்த ஒன்று?" என்றது புது மொழி.

"தெரியாது. ஆனால் ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை."

"பெயர்?"

"இல்லை."

"யார் வீட்டு ஆள்?"

"தெரியாது."

"என்ன வேலை?"

"ஒட்டிக்கொள்வது."

"இந்த ஊரில் அது ஒரு வேலை இல்லை, தம்பி."

சுகந்தி அதன் முன்னால் இரண்டு சாய்கோடுகளைப் போட்டாள். அந்தக் கோடு விழுந்துவிட்டால், அதற்குப் பின்னால் இருப்பது கண்ணுக்குத் தெரியும், கணக்கில் வராது. ஓட்டிப் பார்த்துவிட்டு அழித்துக்கொள்ளலாம் என்று மேலே போய்விட்டாள். கோட்டுக்குப் பின்னால் நின்ற ஒன்று விசும்பி அழுதது. அத்தனை கும்மாளத்தில் யார் காதிலும் அது விழவில்லை.

எல்லாம் முடிந்ததும் பழைய நிரலையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டாள். இரண்டிலும் கணக்குக்கு ஏழு பேரை ஏற்றினாள்.

"போதும்!" என்றது பழையது.

"இன்னும் ஒருவர் வரலாம்!" என்றது புதியது.

"போதும் என்கிறேன்!"

"வரலாம் என்கிறேன்!"

ஜன்னலுக்கு வெளியே படகோட்டி கலியமூர்த்தி டீ குடித்துக்கொண்டிருந்தார். சுகந்தி எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, உங்க படகு எத்தனை பேரைத் தாங்கும்?"

"எட்டு பேரும்மா. ஒம்பதாவது ஆள் கால வச்சா தண்ணி உள்ள வந்துரும்."

சுகந்தி நாற்காலியிலிருந்து துள்ளினாள். "பாத்தீங்களாண்ணே! இந்தப் பழசு இத்தனை வருஷமா ஏழு பேரோட நிறுத்தியிருக்கு. நான் எழுதினதுதான் சரி. நாளையிலேருந்து எட்டு சீட்டு!"

புது மொழி காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டது. சுகந்தியின் விரல் அழிக்கிற விசைக்குப் போனது. ஒன்று கண்ணை இறுக மூடிக்கொண்டது.

கலியமூர்த்தி நிதானமாக ஒரு வாய் டீ உறிஞ்சினார்.

"எட்டு பேரும் ஏறிட்டா, நான் என்னம்மா, பின்னாலயே நீந்திக்கிட்டு வந்து துடுப்புப் போடவா?"

விரல் அந்தரத்தில் நின்றது.

முதலில் சிரித்தது சுற்று. உருண்டு உருண்டு சிரித்தது. பிறகு நாற்பது வரிகளும் சிரித்தன. சுகந்தி தலையில் அடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரிப்பு அடங்கியபோதுதான் அவளுக்கு உறைத்தது. ஒன்பது பேரை ஏற்றி அனுப்பியிருப்பாளே!

ஒன்று மட்டும் சிரிக்கவில்லை. "நானா?" என்றது. "துடுப்புப் போடுகிறவனா நான்?"

சுகந்தி சாய்கோடுகளை அழித்தாள். ஆனால் ஒன்றைப் பழையபடி தொகையில் ஒட்டவிடவில்லை. 'படகு' என்று ஒரு வீடு கட்டி, அதன் முதல் அறையை அதற்குக் கொடுத்தாள்.

வாசலில் புது மொழி மறித்தது. "பெயர்?"

"படகோட்டி!"

"யார் வீட்டு ஆள்?"

"படகு வீட்டு ஆள்!"

"என்ன வேலை?"

"எல்லோருக்கும் முன்னால் ஏறுவது. எல்லோரும் இறங்கிய பிறகு இறங்குவது!"

புது மொழி ஒதுங்கி வழிவிட்டது. ஒன்று குதித்துக்கொண்டு உள்ளே ஓடியது.

கலியமூர்த்தி ஜன்னலுக்குள் தலையை நீட்டினார். "அந்தப் பொட்டிக்குள்ள என்னையும் சேத்துட்டியாம்மா?"

"நீங்க மொதல்லேருந்தே உள்ளதான் இருந்தீங்கண்ணே," என்றாள் சுகந்தி. "யாரும் உங்க பேரை எழுதல."